கொழந்தைக்குப் பேர் வெக்கப் போறீங்களா? ஆஸ்பத்திரி பாரத்துல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்துல தாலுகா ஆபீஸ் பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் குடுப்பேன், பதினாலு வருஷமா இதான் பொழப்பு. கடைக்கு வர்றவங்கள்ல நெறைய பேர் பேர் சமாச்சாரமாத்தான் வர்றாங்க. ஆதார்ல ஒரு எழுத்து, ரேஷன் கார்டுல ஒரு எழுத்து, மார்க்‌ஷீட்ல வேற ஒரு எழுத்து. பிரசவ வார்டுல தூக்கக் கலக்கத்துல எழுதிக் குடுத்த ஒரு பேரு, இருபது வருஷம் கழிச்சு அந்தப் புள்ளைய என் கடை பெஞ்சுல ஃபைலும் கையுமா ஒக்கார வெச்சிடுது.

எனக்கு இதுல இவ்ளோ அக்கறை வர இன்னொரு காரணம் இருக்கு. எங்க அம்மா பேரு போதும்பொண்ணு. எங்க தாத்தாவுக்கு நாலாவதும் பொண்ணாப் போச்சு, இந்தப் பேர வெச்சா அடுத்தது ஆம்பளப் புள்ள பொறக்கும்னு யாரோ சொல்ல வெச்சிட்டாங்க. நம்ம பக்கம் வேண்டாம்னே பேர் வெச்ச பொம்பளைங்களும் இருக்காங்க, நானே ரெண்டு மூணு பேருக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கேன். அம்மா ஒரு ஷூ கம்பெனில அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம் தைக்கிற செக்‌ஷன்ல 22 வருஷம் வேல செஞ்சாங்க. எனக்கு ஒம்போது வயசு இருக்கும்போது தீபாவளி போனஸ் வாங்க என்னயும் இட்டுக்கினு போனாங்க. வரிசையா பேர் கூப்புட்டுக்கினே வந்தாங்க, அம்மா பேர் வந்ததும் பின்னாடி நின்ன ஒரு ஆளு "போதும்னா வீட்டுக்குப் போயேம்மா"ன்னு சொன்னாரு, வரிசையே சிரிச்சுது. அம்மா திரும்பிக் கூட பாக்கல. முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கினு நேரா போயி, ரெஜிஸ்டர்ல ஆறு எழுத்தையும் ஒவ்வொன்னா அழுத்தி அழுத்தி எழுதி கையெழுத்து போட்டாங்க, பேனா அடுத்த பக்கம் வரைக்கும் பதிஞ்சிருக்கும். நான் அவங்க கையையே பாத்துக்கினு நின்னேன்.

அதனால நான் சொல்றது இதான். பேர் வெக்கிறது நம்ம ஆசைக்கு இல்ல. அந்தப் பேரு மத்தவங்க வாயில தான் வாழப் போவுது, அத காதுல வாங்கிக்கினு நிக்கப் போறது கொழந்த. அந்த எடத்துல இருந்து யோசிச்சு, ஒவ்வொரு படியா எழுதுறேன்.

முதல் படி: உங்களுக்கு எவ்ளோ நாள் இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க

அவசரப்படாதீங்க, அவ்ளோதான். கொழந்த பொறந்தத 21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், இது 1969-ம் வருஷ பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம். ஆனா பதிவு பண்றது வேற, பேர் எழுதுறது வேற, நெறைய பேருக்கு இது தெரியல. பேர் இல்லாமயே பொறப்ப பதியலாம், பொறந்த தேதி, எடம், அப்பா அம்மா விவரம் மட்டும் போவும், பேர் கட்டம் காலியா இருக்கும். அப்பால ஒரு வருஷத்துக்குள்ள பேரக் குடுத்தா காசு இல்லாம சேத்துக்கலாம். ஒரு வருஷம் தாண்டிட்டா லேட் ஃபீஸ் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம்.

நர்ஸம்மா பாரத்த நீட்டி "பேரு இன்னாம்மா"ன்னு கேட்டா பயந்துடாதீங்க, "இன்னும் வெக்கல, அப்பறம் குடுக்கறோம்"னு தைரியமா சொல்லுங்க. அங்க அவசரத்துக்கு "இப்போதைக்கு ஏதாவது போடுங்க"ன்னு போட்ட பேரு தான் பின்னாடி பெரிய தலைவலி. எழுத்துப்பிழைய திருத்திக் குடுப்பாங்க, ஆனா ஒரு பேர எடுத்துட்டு வேற பேரையே வெக்கணும்னா லேசுல நடக்காது.

இன்னொன்னு, கொழந்த எங்க பொறந்துச்சோ அங்கதான் பதிவு. நீங்க பேர்ணாம்பட்டுல குடியிருந்து, தாய் வீட்டுக்குப் போயி வேலூர்ல பிரசவம் ஆச்சுன்னா வேலூர்ல தான் பதிவாவும், பேர் சேக்கவும் அங்க உள்ள ஆபீஸுக்குத்தான் போவணும். இது தெரியாம குடியாத்தம் நகராட்சிக்கும் வேலூருக்கும் பஸ்ல அலைஞ்சு, கைக்கொழந்தையோட வெயில்ல வந்து நின்ன பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன்.

ரெண்டாவது படி: யார் யாருக்கு இதுல பேச்சு இருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க

பேர் சண்டையில பேசாம போன குடும்பங்க இருக்கு, நெசமாத்தான் சொல்றேன். மாமனாரு தன் அப்பா பேரு வரணும்பாரு, மாமியாரு குலதெய்வம் பேரும்பாங்க, நாத்தனாரு போன்ல ஒரு லிஸ்டே வெச்சிருப்பாங்க, தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சு தான் காது குத்தணுங்கறதால அவருக்கும் ஒரு குரல் உண்டு. எல்லாரையும் கேளுங்க, தப்பே இல்ல. ஆனா முடிவு பெத்தவ கிட்ட இருக்கணும். பத்து மாசம் சொமந்தவ கிட்ட கடைசியா கேக்குற வீடுகள நான் பாத்திருக்கேன், அவ தலைய ஆட்டிட்டு எங்கடைக்கு வந்து "யக்கா, எனக்கு இந்தப் பேரே புடிக்கல"ன்னு அழுவுறா.

பெரியவங்க பேரு வெக்கிறது நம்ம பக்கம் ரொம்ப காலமா இருக்குற வழக்கம். வட ஆற்காட்டுல இருந்து வந்த மு.வரதராசனாருக்கு மொதல்ல வெச்ச பேரு திருவேங்கடமாம், தாத்தா பேரான வரதராசன் தான் கடைசியா நெலச்சுது. இதுல ஒரு நடைமுறை சிக்கலும் இருக்கு, மாமனார் பேர மருமக வாயால சொல்லக் கூடாதுன்னு இருந்த காலத்துல, அதே பேரு உள்ள சொந்தப் புள்ளைய அவ எப்டி கூப்பிடுவா? "பெரியவரே"ம்பா, "நைனா"ம்பா, "ராஜா"ம்பா. அப்டி வந்தது தான் பல வீட்டுல கூப்புடுற பேரு ஒன்னு, எழுதுற பேரு ஒன்னு. உங்க வீட்டுலயும் அந்தக் கூச்சம் இன்னும் இருந்துச்சுன்னா, தாத்தா பேர அப்டியே வெக்காம அதுல ஒரு பாதிய எடுத்துக்கங்க. ஏகாம்பரம்னா ஏகன், அருணாசலம்னா அருணன்.

சாமி பேருலயும் நம்ம ஊருக்குன்னு தனியா சில பேரு இருக்கு, அது அழிஞ்சிக்கினு வர்றது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. விரிஞ்சிபுரம் கோயில்ல இருக்குறவரு மார்க்கபந்தீஸ்வரரு, வழித்துணைநாதர்னும் சொல்லுவாங்க. கார்த்திகை கடைசி ஞாயித்துக்கெழம புள்ள வேணும்னு பொம்பளைங்க அந்த சிம்ம தீர்த்தத்துல முழுவி ஈரத்துணியோட படுப்பாங்க. அப்டி வேண்டிப் பொறந்தவங்களுக்கு மார்க்கபந்துன்னு பேரு வெப்பாங்க. மார்க்கம்னா வழி, பந்துன்னா ஒறவு, வழிக்கு ஒறவா வர்றவன். வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பேரே தெரியாது, வேலூர் பக்கம்னு ஒடனே சொல்லிடலாம். படவேட்டு ரேணுகாம்பா பேரு, சோளிங்கர் அமிர்தவல்லி தாயார் பேரு, திருப்பதி பக்கங்கறதால ஏழுமலை, கோவிந்தம்மா, இதெல்லாம் நம்ம மண்ணு வாசம். பழைய பேருன்னு ஒதுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க.

மூணாவது படி: நட்சத்திர எழுத்து

பாக்கறவங்க பாருங்க, பாக்காதவங்க விடுங்க, நான் ரெண்டு பக்கமும் வாதாட வரல. 27 நட்சத்திரம், ஒன்னொன்னுக்கு நாலு பாதம், ஆக மொத்தம் 108 எழுத்து. அஸ்வினிக்கு சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. திருவாதிரைக்கு கு, க, ங, ச. மூணாம் பாதத்துல பொறந்தா ங-ல பேர் வெக்கணும்! தமிழ்ல ங-ல ஆரம்பிக்கிற பேருக்கு எங்க போறது? ஐயரே பக்கத்துப் பாதத்து எழுத்த எடுத்துக்கங்கன்னு சொல்லிடுவாரு. அவரே வளைஞ்சு குடுக்கறாரு இல்ல, அப்ப நீங்களும் வளையலாம். ஒரு எழுத்துக்காக வாயில நொழையாத பேர எங்கியோ தேடிப் புடிக்காதீங்க. சில வீட்டுல நட்சத்திர எழுத்துல ஒரு பேர காதுல மூணு தடவ சொல்லிட்டு, வெளிய கூப்பிட வேற பேரு வெக்கறாங்க, அது நல்ல வழி. ஆனா சர்டிபிகேட்ல ஒரே ஒரு பேரு தான் போவணும்.

நாலாவது படி: பேர எழுதிப் பாக்காதீங்க, கூப்புட்டுப் பாருங்க

இத மட்டும் கண்டிப்பா செய்ங்க. எல்லாரும் போன்ல லிஸ்ட்ட பாத்து, அர்த்தத்த பாத்து பேர தேர்ந்தெடுக்கறாங்க. பேரு கண்ணுல பாக்குற சாமானா? சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியில நின்னு தெருக்கோடியில வெளையாடுற புள்ளைய கூப்பிடுற மாரி ஒரு தடவ அந்தப் பேர கத்திப் பாருங்க. கடைசி எழுத்து இழுக்க வருதா? "நிலாஆ"ன்னு இழுக்கலாம், "கயலூ"ன்னு இழுக்கலாம், "க்ரித்விக்"ன்னு இழுத்துப் பாருங்க, மூச்சு முட்டும். அப்பறம் கோவமா சொல்லிப் பாருங்க, ஒடம்பு சரியில்லாத கொழந்தைய எழுப்புற மாரி மெதுவா சொல்லிப் பாருங்க.

அடுத்து வீட்டுல இருக்குற வயசானவங்கள சொல்லச் சொல்லுங்க. நம்ம பக்கம் ழ எப்டின்னு தெரியும் இல்ல, பழத்த பயம்னு சொல்றோம், மழைய மயன்னு சொல்றோம், கோழி கோயி ஆயிடுது. யாழினின்னு ஆசையா வெப்பீங்க, ஆயா "யாயினி"ன்னு கூப்பிடுவாங்க, பள்ளிக்கூடத்துல "யாளினி"ம்பாங்க, பெங்களூருக்கு வேலைக்குப் போனா இங்கிலீஷ் எழுத்த பாத்துட்டு "யாஜினி"ம்பாங்க. அதுக்காக ழ உள்ள பேர வெக்க வேணாம்னு சொல்லல, எனக்கு அந்த எழுத்து மேல தனி ஆசையே இருக்கு, எங்க தெருவுல எழிலரசின்னு ஒரு பாப்பா இருக்கா, எவ்ளோ அழகான பேரு. கொழந்தைக்கு மூணு வயசுலயே நாக்க மடிச்சு சொல்ல நீங்களே கத்துக் குடுக்கணும், அவ மத்தவங்கள பொறுமையா திருத்தப் பழகணும், அந்த வேலைக்கு தயாரா இருந்தா தாராளமா வெய்ங்க.

ஷ, ஹ, க்ஷ இருக்குற பேருக்கும் இதே கதை தான். ஹர்ஷித்த ஆயா "அர்சித்து"ன்னு கூப்பிட்டா, பேரன் முன்னாடி அவங்கள திருத்தி சிரிக்காதீங்க. போன வருஷம் கடைக்கு வந்த ஒரு பாட்டியம்மா பேத்தி பேர சொல்ல வெக்கப்பட்டுக்கினு, கையில சீட்டுல எழுதி எடுத்துக்கினு வந்தாங்க, நாலா மடிச்ச சீட்டு, வேர்வையில மை பரவியிருந்துச்சு. சொந்தப் பேத்திய பேர் சொல்லிக் கூப்பிட கூச்சமா இருக்குதுன்னாங்க, "பாப்பா"ன்னு தான் கூப்பிடுவேன்னாங்க. ஒரு வீட்டுல பெரியவங்க வாயில வராத பேர வெச்சா, அவங்களுக்கும் கொழந்தைக்கும் நடுவுல நாமளே ஒரு சுவரு கட்டுறோம்.

அஞ்சாவது படி: இனிஷியல சேத்துப் படிங்க

ரெண்டு நிமிஷ வேல, ஆனா பல பேர் செய்ய மாட்டாங்க. அப்பா பேரு நாகராஜ், பொண்ணு யாழினி. சேத்துப் படிங்க, நா.யாழினி. ஒன்னாங்கிளாஸ்ல எந்தப் புள்ளையும் கண்டுபுடிக்காது, அஞ்சாங்கிளாஸ்ல கண்டுபுடிச்சிடும், அப்பால அவள யாழினின்னு யாரும் கூப்பிட மாட்டாங்க. சா-ல ஆரம்பிக்கிற இனிஷியலுக்குப் பின்னாடி வி, வு வரக்கூடாது. தமிழ்லயும் படிங்க, இங்கிலீஷ்லயும் படிங்க.

இனிஷியல் எழுத்தே சில பேருக்கு தொந்தரவு. நம்ம ஜில்லாவுல தெருவுக்கு நாலு ஏழுமலை இருப்பாங்க. ஏழுமலைய இங்கிலீஷ்ல ஈ போட்டு எழுதுறவங்க இருக்காங்க, ஒய் போட்டு எழுதுறவங்களும் இருக்காங்க. போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு, பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட்ல ஈ இனிஷியல், ஆதார்ல ஒய் இனிஷியல், காலேஜ்ல ரெண்டும் ஒரே ஆளா இல்லையான்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. அவங்கப்பா ஆதார எடுத்துப் பாத்தா அவருக்கு ஈ, அவரு வோட்டர் கார்டுல ஒய். அதனால கொழந்த பேர பதியறதுக்கு முன்னாடி அப்பா அம்மா ரெண்டு பேரோட ஆதாரும் ரேஷன் கார்டும் ஒரே மாரி இருக்கான்னு பாத்து சரி பண்ணுங்க. கொழந்த பொறந்த அப்பறம் நேரமே கெடைக்காது, மாசமா இருக்கும்போது கர்ப்பத்த பதிஞ்சு பிக்மி நம்பர் வாங்குவீங்க இல்ல, அப்பவே இதையும் முடிச்சிடுங்க. அம்மா பேரோட எழுத்தையும் சேத்து ரெண்டு இனிஷியலா வெக்கணும்னு நெனச்சாலும் மொத நாள்ல இருந்தே வெய்ங்க, நடுவுல சேக்காதீங்க.

ஆறாவது படி: இங்கிலீஷ் ஸ்பெல்லிங்

நியூமராலஜி பாத்து ஒரு ஏ கூட போடு, ஒரு ஹெச் கூட போடுன்னு சொல்றவங்க நெறைய. அதுல நம்பிக்கை இருந்தா பேர் சேக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. மூணு வருஷம் கழிச்சு ஜோசியர் சொன்னாருன்னு ஆதார்ல மட்டும் மாத்திட்டு வர்றீங்க, பர்த் சர்டிபிகேட் பழசாவே கெடக்குது, அங்க தான் சிக்கல். ஆதார்ல பேர ஆயுசுக்கும் ரெண்டே தடவ தான் மாத்த முடியும், கொழந்தைக்கு எல்.கே.ஜி சேக்கறதுக்குள்ளயே ரெண்டையும் முடிச்சிட்டு வந்து நிக்கறவங்க உண்டு.

ஸ்பெல்லிங் எப்டி இருக்கணும்னா, போன்ல ஒரு தடவ சொன்னா எதிர்ல இருக்குறவங்க கேள்வி கேக்காம எழுதற மாரி இருக்கணும். மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கத்துல இருந்து வர்றவங்க முகமதுங்கற பேர அஞ்சாறு விதமா எழுதி எடுத்துக்கினு வருவாங்க, சில பேரு எம்டின்னு சுருக்கியே பதிஞ்சிருப்பாங்க, அப்பா பேரு முழுசா, மகன் பேரு சுருக்கி, பாஸ்போர்ட்டுக்குப் போனா கேள்வி. சுருக்காதீங்க. முழுசா, ஒரே மாரி எழுதுங்க.

பாஸ்போர்ட்ல கொழந்த பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம். நமக்கு குடும்பப் பேரு கெடையாது, இனிஷியல் தான், அத விரிச்சு அப்பா பேர அந்த ரெண்டாவது கட்டத்துல போடுங்க, காலியா விடாதீங்க. 2022 நவம்பர்ல யூஏஇ-காரங்க பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசாவுல விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க, அப்பால கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருந்தா ஒத்துக்கறோம்னாங்க. நம்ம பக்கத்துல இருந்து எவ்ளோ பேர் அங்க போறாங்க, அந்த வாரம் முழுக்க கடையில இதே கேள்வி தான்.

ஏழாவது படி: ஊரு என்ன சொல்லும்

இத பத்தி எழுதத்தான் நான் ஒக்காந்தேன்.

பேர கேட்ட ஒடனே நம்ம ஆளுங்க மனசுக்குள்ள ஒரு கணக்கு போடுவாங்க. இது இன்னா ஜாதி, இன்னா மதம், ஊரா காலனியா, படிச்ச வீடா, கூலி வீடா. முனியம்மான்னா வீட்டு வேலைக்கு வர்றவங்கன்னு ஒரு நெனப்பு, குப்பம்மான்னா ஒரு சிரிப்பு. குப்பம்மான்னு எதுக்கு வெச்சாங்கன்னு தெரியுமா? அடுத்தடுத்து கொழந்தைங்க செத்துப் போன வீட்டுல, இந்தக் கொழந்தையாச்சும் தங்கட்டும்னு குப்பை மேட்டுல ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, பக்கத்து வீட்டம்மா கிட்ட தவிட்டுக்கு வாங்குன மாரி வாங்கி வெச்ச பேரு அது. குப்பன், பிச்சை, தவிட்டம்மா எல்லாம் அப்டி வந்தது. ஒரு தாய் சாவு கிட்ட கெஞ்சிக் கேட்டு வெச்ச பேரு. அத கேட்டு சிரிக்கறவங்களுக்கு இது தெரியணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

எங்க ஆயா சொல்லுவாங்க, அவங்க சின்ன வயசுல காலனியில யாராச்சும் புள்ளைக்கு முனுசாமின்னு பேர் வெச்சா, ஊருக்குள்ள யாரும் அந்த சாமிய சொல்ல மாட்டாங்களாம், முனியான்னு தான் கூப்பிடுவாங்களாம், கந்தசாமின்னா கந்தா. வெச்ச பேர முழுசா கூப்பிடுறதுக்கே ஒரு காலத்துல சண்டை போட வேண்டியிருந்துச்சு. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாத மாநாட்டுல ஜாதிப் பட்டத்த பேருக்குப் பின்னாடி போடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க, அதனால தான் இன்னிக்கு தமிழ்நாட்டுல பேர வெச்சு ஜாதி கண்டுபுடிக்கறது கொஞ்சம் கஷ்டம். இப்ப திரும்பவும் சின்னப் பசங்க இன்ஸ்டாவுல பேருக்குப் பின்னாடி ஜாதிய ஒட்ட வெக்கறத பாக்குறேன், வயிறு எரியுது. உங்க கொழந்தைக்கு அந்த வாலு வேணாம். அத பேரோட பதிஞ்சீங்கன்னா அவன் வளந்து அத கழட்டணும்னு நெனச்சாலும் லேசுல கழட்ட முடியாது.

நம்ம மாவட்டத்துக்கே பேரு மாறியிருக்கு இல்ல. 1989-ல வட ஆற்காட்ட ரெண்டாப் பிரிச்சப்ப ஒன்னுக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு பேரு, இன்னொன்னுக்கு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்னு பேரு. 1997-ல தெக்க ஜாதிக் கலவரம் நடந்து, மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பேரெல்லாம் எடுத்துட்டாங்க, நாம வேலூர் மாவட்டம் ஆனோம். ஆனா நம்ம பக்கத்து வீடுகள்ல அம்பேத்கர்னு, பீமாராவ்னு புள்ளைங்களுக்கு பேர் வெக்கறது நிக்கல. அந்தப் பேர வெச்சதுக்காக வாடகைக்கு வீடு கெடைக்காம போன ஒரு தம்பிய எனக்குத் தெரியும், காட்பாடியில மூணு எடத்துல பேர கேட்டதும் "சொல்லி அனுப்பறோம்"னாங்களாம். முஸ்லிம் பசங்களுக்கும் பெங்களூர்ல இதே தான். அவங்ககிட்ட யாராச்சும் "பொதுவா ஒரு பேரு வெச்சிருக்கலாம் இல்ல"ன்னு அட்வைஸ் பண்ணா எனக்குக் கோவம் வரும். தப்பு வீட்டுக்காரன் கிட்ட இருக்கு, பேர்ல இல்ல.

சர்ச்சுல ஒரு பேரு, சர்டிபிகேட்ல ஒரு பேருன்னு வாழுற குடும்பங்களும் இங்க நெறைய. 1950-ம் வருஷ உத்தரவுப்படி கிறிஸ்தவங்களா மாறுனா எஸ்.சி சலுகை கெடையாது, அந்தப் பயத்துல கொழந்த பேர ரெண்டா வெச்சிருக்காங்க. பத்து வயசுப் புள்ளைக்கு எங்க எந்தப் பேர சொல்லணும்னு சொல்லிக் குடுக்கறாங்க. அவங்கள எடை போட நமக்கு எந்த உரிமையும் இல்லன்னு நான் நெனக்கறேன்.

புதுப் பேருக்காரங்களும் தப்பறதில்ல. தன்விகா, ரித்விக், யாஷிகான்னு வெச்சா "வாயில நொழையாத வடக்கத்திப் பேரு, சீரியல் பாத்து வெச்சிட்டா"ம்பாங்க. இனியன், ஆதிரை, மகிழினின்னு சுத்தத் தமிழ்ல வெச்சா "எந்தக் கட்சிப்பா நீ"ம்பாங்க. பழைய பேர வெச்சா "கெழவி பேரு". பாருங்க, எத வெச்சாலும் ஒரு பேச்சு உண்டு. பேச்சே வராத பேரு ஒன்னு எங்கியோ இருக்குன்னு தேடிக்கினே இருக்காதீங்க, கெடைக்காது. கூலி வேல செய்யறவங்க தன் பொண்ணுக்கு ஸ்டைலா ஒரு பேர் வெச்சா "இவங்களுக்கு எதுக்கு இந்தப் பேரு"ன்னு சிரிக்கற படிச்சவங்கள பாத்திருக்கேன். அவங்க பேர மட்டும் வெக்கல, தன் கொழந்த பீடி சுத்தக் கூடாது, தோல் ஷாப்புல சாயத்துல நிக்கக் கூடாதுன்னு ஒரு ஆசைய அந்தப் பேர்ல வெச்சிருக்காங்க.

அதனால வடிகட்ட வேண்டியத மட்டும் வடிகட்டுங்க. கொழந்தைய அசிங்கப்படுத்துற அர்த்தம் உள்ள பேரு, வேண்டாம், போதும்னு அவ பொறந்ததையே கொறையா சொல்ற பேரு, ஜாதி வாலு உள்ள பேரு, இனிஷியலோட சேந்தா கேலி ஆவுற பேரு, இத வெக்காதீங்க. மத்தபடி ஊரு பேசும்னு பயந்து உங்களுக்குப் புடிச்ச பேர விடாதீங்க. சொந்தக்காரங்க "இன்னாம்மா பேரு இது"ன்னு மூஞ்ச சுளிச்சா, சண்டை வேணாம். "அர்த்தம் இதுதான் அத்தை, நீங்க ஒரு தடவ கூப்புடுங்க"ன்னு கொழந்தைய அவங்க மடியில குடுத்துடுங்க. மடியில வாங்கிட்டா முக்காவாசிப் பேரு கூப்புட்டுடுவாங்க.

கொழந்தைக்கும் அந்தப் பேரு எப்டி வந்துச்சுன்னு கதையா சொல்லி வெய்ங்க. மார்க்கபந்துங்கற பேரு உள்ள ஒரு பையன் எங்க தெருவுல இருந்தான், பள்ளிக்கூடத்துல அவன "பந்து, பந்து"ன்னு எட்டி ஒதைக்கற மாரி காட்டுவாங்க. அவங்க ஆயா தெனமும் ராத்திரி அவனுக்கு விரிஞ்சிபுரம் கதைய சொல்லுவாங்க, மிளகு மூட்ட ஏத்திக்கினு வந்த வியாபாரிக்கு சாமியே வழித்துணையா வந்த கதை. அவன் இப்ப லாரி ஓட்டறான், வண்டி கண்ணாடி மேல தன் பேர முழுசா எழுதியிருக்கான்.

எட்டாவது படி: பதிவு பண்றப்ப

ரெண்டு பேரு முடிவு பண்ணி வெச்சுக்கங்க, ஒன்னு முழுசா ஒத்து வரலன்னா இன்னொன்னு. வெள்ளப் பேப்பர்ல தமிழ்லயும், இங்கிலீஷ்ல கேப்பிடல் எழுத்துலயும் பெருசா எழுதி எடுத்துக்கினு போங்க, வாயால சொல்லாதீங்க. கவுண்டர்ல டைப் அடிச்சதும் ஸ்கிரீன காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தா சத்தமா படிங்க. ண ந ன, ல ள ழ, ர ற, இங்கிலீஷ்ல ஸ்பேஸ், டாட். பின்னாடி க்யூவுல முணுமுணுப்பாங்க, பரவாயில்ல. அப்பா அம்மா பேரு ஆதார்ல இருக்குற மாரியே இருக்கான்னு பாருங்க.

2023 அக்டோபர் 1-க்கு அப்பறம் பொறந்த கொழந்தைங்களுக்கு பள்ளிக்கூடத்துல சேக்க, ஆதார், லைசென்ஸ், வோட்டர் லிஸ்ட், கல்யாணப் பதிவு, அரசாங்க வேல எல்லாத்துக்கும் பொறந்த தேதிக்கும் எடத்துக்கும் ஆதாரமா பர்த் சர்டிபிகேட் தான்னு சட்டத்த மாத்திட்டாங்க. அதனால மொதல்ல அது, அதப் பாத்து ஆதார், அப்பால ரேஷன் கார்டு. இந்த வரிசைய மாத்தாதீங்க. அஞ்சு வயசுக்குள்ள எடுக்கற நீல ஆதார்ல கைரேகை இருக்காது, அஞ்சு வயசுலயும் 15 வயசுலயும் அப்டேட் பண்ணணும், ரெண்டு தடவையும் பேர் எழுத்த ஒரு தரம் சரி பாருங்க. பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல பேர் லிஸ்ட்ட காட்டி கையெழுத்து கேப்பாங்க, அன்னிக்கு லீவு போட்டாவது நீங்க போயி பாக்கணும்.

ஏற்கெனவே வெச்ச பேரு கஷ்டம் குடுத்தா

கெஜட்ல மாத்தலாம். சென்னையில இருக்குற எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பம் போடணும், 18 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா போடணும். அரசிதழ்ல வந்ததும் அந்தப் பக்கத்த பத்திரமா வெச்சுக்கினு ஆதார், பேங்க், பான்னு ஒவ்வொன்னா மாத்தணும். பொறுமை வேணும், ஆனா முடியாத காரியம் இல்ல. வேண்டாம்னு பேரு உள்ள ஒரு காலேஜ் பொண்ணுக்கு நானே போட்டுக் குடுத்தேன், அவளுக்குப் புடிச்ச பேர அவளே எழுதுனா, நான் டைப் மட்டும் அடிச்சேன், காசு வாங்கல.

எங்க அம்மாவுக்கும் ஒரு நா பாரத்த எடுத்துக்கினு போனேன். அவங்க கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. "பி.எஃப் பென்ஷன்லாம் இந்தப் பேர்ல தான வருது, அதுக்கு ஒன்னும் ஆவாது இல்ல"ன்னு கேட்டாங்க. ஆவாதுன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பேர விடு, உன் தம்பி பொண்ணுக்கு காதுகுத்து பத்திரிக்கையில என் பேர எப்டி போட்டிருக்கான் பாரு"ன்னாங்க. சம்மந்தி வீட்டுல கூச்சமா இருக்கும்னு பொன்னம்மாள்னு போட்டிருந்தான், எங்க கல்யாணப் பத்திரிக்கைங்கள்லயும் அப்டித்தான் போட்டிருந்துச்சு, அவங்க அது வரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல. ப்ரூஃப் தான் வந்திருந்துச்சு, இன்னும் அடிக்கல. அன்னிக்கே ப்ரஸ்ஸுக்கு போன் போட்டு மாத்தச் சொன்னேன், ஆறு எழுத்தையும் ஒவ்வொன்னா சொல்லி எழுத வெச்சேன்.